சைக்கிள் சங்கிலியும் கடற்காற்றும்

காவிய நயங்களையும் பெரியோர் சரிதங்களையும் இப்பகுதியில் படித்துப் பழகிய அன்பர்கள், சைக்கிள் சங்கிலியைப் பற்றிய கட்டுரையொன்றைக் கண்டவுடன் முகஞ் சுளித்தல் கூடும். அவர்கள் பொறுத்தருள்வாராக. ஐப்பசி, கார்த்திகை மழை விடுமுறை கழிந்து கல்லூரி திறக்கும் நாளன்று காலையில் நம் சைக்கிள் கொட்டகையினருகே கால் நாழிகை நின்று கேட்பாராயின், இதனை எழுத நேர்ந்த காரணத்தை அவர்களே உணர்ந்துகொள்வர். எண்ணூரினின்றும் திருவொற்றியூரினின்றும் காசிமேட்டினின்றும் வந்து சேரும் வண்டிகளுட் பாதிக்கு மேற்பட்டவை, பெடலின் ஒவ்வொரு சுற்றிற்கும் ஒரு முறை கிறீச்சிட்டுத் தம் குறையைத் தாமே கூறிக்கொண்டு வருகின்றன.

2001-ஆம் ஆண்டில் தமிழக அரசு, பதினோராம் வகுப்பிற் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கிற்று; பின்னர் அத்திட்டம் பிற மாணவ மாணவியர்க்கும் விரிந்தது. அங்ஙனம் பெற்ற வண்டியிலேயே கல்லூரிக்கும் வருவோர் நம்மிடையே பலர். வண்டி கிடைத்ததேயன்றி அதனைப் பேணும் முறை எவராலும் கற்பிக்கப்படவில்லை. முதற் சங்கிலி தேய்ந்தவுடன் வண்டியைச் சுவரோரமாகச் சாய்த்து, அதன்மேல் துணி உலர்த்தும் வீடுகள் பலவற்றை நான் கண்டிருக்கிறேன். மாணவன் பேருந்துக்குக் காத்து நிற்பான். வண்டியோ துரு ஏறி நிற்கும்.

இவ்வாறு பிறர்க்குச் சொல்லவந்த யானும் ஒரு காலத்தில் அக்குற்றமே செய்தவன். நான் இளங்கலை இரண்டாமாண்டு மாணவனாயிருந்தபோது, என் தந்தையார் நெடுநாள் துறைமுக வேலைக்கு ஏறிச்சென்ற பழைய வண்டி என் கைக்கு வந்தது. எங்கள் வீடு எண்ணூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, அலையோசை கேட்குந் தொலைவிலிருந்தது. மழை விடுமுறை முழுவதும் வண்டி வாசலிலேயே நின்றது. தேர்வுக்கு முதல் நாள் இரவு அதன் சங்கிலியை நோக்கினேன், செம்மண் பூசினாற்போலிருந்தது. மோட்டார் வண்டியினின்றும் வடித்த கழிவு ஆயில் ஒரு புட்டி வீட்டிலிருந்தது. அதனை எடுத்துச் சங்கிலியின்மேல் தாராளமாக ஊற்றினேன். செம்மை மறைந்து சங்கிலி கருமையாய்ப் பளபளத்தது. எனக்கோ அளவற்ற திருப்தி. மறுநாட் காலையில் திருவொற்றியூர்த் தேரடியைத் தாண்டுமுன் இருமுறை பல்லை விட்டுத் தாவிய அச்சங்கிலி, மூன்றாம் முறை அறுந்து சாலையில் விழுந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டும், இடையிடையே ஓடியும் தேர்வு மண்டபத்தை அடைந்தபோது இருபத்தைந்து நிமிடம் கழிந்திருந்தது. கடைசி வினாவிற்கு விடை எழுத நேரமில்லை. அவ்வினா நான் நன்கு படித்துச் சென்ற ஒன்று.

மாலையில் நெடுஞ்சாலையோரத்தில் பூவரச மரத்தடியிற் சைக்கிள் செப்பனிடும் முதியவர் ஒருவரிடம் அறுந்த சங்கிலியைக் கொடுத்தேன். அவர் உடனே அதனை ஒட்டவைக்க முற்படவில்லை. பனியன் வேஸ்டினால் நாலைந்து கண்ணிகளை அழுந்தத் துடைத்தார். அவற்றைத் தம் இரு கட்டைவிரல்களுக்கிடையே பக்கவாட்டில் வளைத்தார். கண்ணிகளின் இடுக்கினின்றும் செங்கற்பொடி போன்ற துருத்தூள் அவருடைய உள்ளங்கையில் உதிர்ந்தது.

“தம்பி, நீ விட்ட எண்ணெய் எல்லாம் மேலேயே நிற்கிறது. உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை, பார்” என்றார்.

“நிறையத்தானே விட்டேன், ஐயா?” என்றேன்.

“நிறைய விட்டதனால்தான் மணலும் நிறையச் சேர்ந்தது” என்று கூறி, அந்தக் கரிய பசையைத் தம் விரல்களுக்கிடையே தேய்த்துக் காட்டினார். அது நறநறவென்றது.

அவர் காட்டியதன் பொருளை உணர வேண்டுமாயின், சங்கிலியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது தகடுகளின் கோவையாகத் தோன்றும். உண்மையில் அதன் ஒவ்வொரு மூட்டும் ஒரு சிறு பொறியாகும். வெளித்தகடுகள் இரண்டையும் ஒரு குறுக்காணி இணைக்கிறது. அவ்வாணி, உட்தகடுகள் இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு குழலினூடே செல்கிறது. இதனைக் கடைக்காரர் ‘புஷ்’ என்பர். அக்குழலின்மேல் ஓர் உருளை தளர்வாகச் சுழல்கிறது. பல்சக்கரத்தின் பல் தொடுவது அவ்வுருளையையே. சங்கிலி வளையும்போது ஆணி குழலுக்குள் திரும்புகிறது. உராய்வும் தேய்வும் நிகழ்வது பெரும்பாலும் அவ்விடத்தேதான். ஆகவே எண்ணெய் வேண்டப்படும் இடமும் ஆணிக்கும் குழலுக்கும் இடையிலுள்ள அம்மயிரிழை இடைவெளியே. நம் கண்ணுக்குத் தெரியும் வெளித்தகட்டில் உராய்வு மிகக் குறைவு.

இவ்வமைப்பு ஒருவரால் ஒரே நாளில் உண்டானதன்று. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் 1864-இல் ஒருவகை ஆணிச் சங்கிலிக்கு உரிமை பெற்றார். அதில் மெல்லிய தகட்டின் துளை விளிம்பே ஆணியின்மேல் உராய்ந்தமையால் தேய்வு மிகுந்திருந்தது. மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பார் 1880-இல் இடையே குழலையும் உருளையையும் அமைத்து அக்குறையை நீக்கினார். பாரம் தகட்டின் விளிம்பில் விழாமல் குழலின் நீளம் முழுவதும் பரவிற்று. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1885-இல், ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ‘ரோவர்’ வண்டி பின்சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் முறையை நிலைநாட்டியது. இன்று நாம் ஏறும் வண்டி அதன் வழிவந்ததே. நமக்கு அண்மையிலுள்ள அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையின் வண்டிகளிலும் அரையங்குல இடைவெளியுள்ள இதே உருளைச் சங்கிலியே ஓடிற்று. திருவொற்றியூரில் என்பீல்டு இந்தியா நிறுவனம் செய்த ‘புல்லட்’ மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைச் சுழற்றியதும் இவ்வினத்துச் சங்கிலியே. அளவு மட்டும் பெரிது.

ஒரு மூட்டு எத்துணை உழைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். பெடலோடு சேர்ந்த பெரிய சக்கரத்தில் 44 பற்களும், பின்னுள்ள பிரீவீலில் 18 பற்களும், சங்கிலியில் 112 கண்ணிகளும் கொண்ட வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். பெடலை ஒரு முறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் செல்லும். ஒரு கிலோமீட்டருக்குள் சங்கிலி முழுவதும் 73 முறை சுற்றிவரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூட்டு நான்கு முறை மடங்கி நிமிர்கிறது: பெரிய சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், சிறியதில் ஏறும்போதும் இறங்கும்போதும். பத்துக் கிலோமீட்டர் செல்லுமுன் ஒவ்வோர் ஆணியும் தன் குழலுக்குள் ஏறத்தாழ மூவாயிரம் முறை திரும்புகிறது. அங்கே எண்ணெய்க்குப் பதிலாக மணலிருப்பின் நேர்வது யாதெனக் கூறவும் வேண்டுமோ?

நம் வட்டாரத்தில் மணலுக்கு மட்டுமா குறை? வடசென்னைச் சங்கிலிக்கு வாய்த்த பகைவர் பலர். முதலாவது உப்பு. கடற்காற்றிலுள்ள உப்பு, சமையலறை உப்பைப் போன்று தனியே சோடியம் குளோரைடு அன்று; மக்னீசியம் குளோரைடும் அதிற் கலந்துள்ளது. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால்தான் கசிந்து நீராகும். மக்னீசியம் குளோரைடோ 33-இலேயே ஈரத்தை ஈர்க்கத் தொடங்கிவிடும். சென்னையின் காற்று அத்துணை உலர்ந்திருக்கும் நாள் அரிது. ஆதலின் மழை ஒரு துளியும் பெய்யாத பங்குனி மாதத்திலுங்கூட, கடலோரம் நிற்கும் வண்டியின் இரும்பின்மேல் கண்ணுக்குப் புலனாகாத உப்புநீர்ப் படலமொன்று இருந்துகொண்டேயிருக்கும். துரு பிடித்தற்கு அதுவே போதும்.

அடுத்தது தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப்பட்ட காலத்தில் இராயபுரத்து மாடிகளிலும் கொடியில் உலரும் வேட்டிகளிலும் கரித்தூள் படிந்ததை முதியோர் மறந்திரார். உயர்நீதிமன்றத்தின் ஆணையால் 2011-இல் அவ்விறக்குமதி எண்ணூர்த் துறைமுகத்திற்கு மாற்றப்பட்டது. இராயபுரத்தார் மூச்சுவிட்டனர், எண்ணூரார்க்கு அத்தூசியும் சேர்ந்தது. அனல்மின் நிலையச் சாம்பலும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும், கடற்கரை மணலும் இவற்றோடு கூடின. எண்ணெய் வழியுஞ் சங்கிலி இவையனைத்தையும் ஈயைப் பற்றும் தேன்போற் பற்றிக்கொள்கிறது. பற்றிய பொருள் சாணைக்காரன் கையாளும் பசைக்கு நிகராகும்.

இங்கு ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடுதல் தகும். அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்னும் பொறியியற் பேராசிரியர் தம் குழுவினருடன் சைக்கிள் சங்கிலியை ஆராய்ந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டார். தக்க நிலையில் ஓடுஞ் சங்கிலி தன்னிடம் வந்த ஆற்றலில் நூற்றுக்கு 98.6 பங்கைப் பின்சக்கரத்திற்குச் சேர்க்கிறது என்று கண்டார். நவீன யந்திரங்களுள்ளும் இத்தகைய சிக்கனம் அரிது. அதனினும் வியப்பு யாதெனின், தூசியற்ற ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் இட்டபோதும் இடாதபோதும் ஆற்றற் சேதத்தில் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆயின் எண்ணெய் வேண்டாவோ எனின், அங்ஙனமன்று. எண்ணெய் அவ்விடைவெளியை நிரப்பி நிற்றலால் அழுக்கு உட்புகாது என்பதே அவர் கருதிய விளக்கம். ஆய்வுக்கூடம் வேறு, எண்ணூர் நெடுஞ்சாலை வேறு. மரத்தடி முதியவர் இவ்வாராய்ச்சியைக் கேள்வியுற்றிரார். ஆயினும் அவர் கருத்தும் இதுவே. தூய்மை முதலாவது, எண்ணெய் அத்தூய்மைக்குக் காவல்.

இனிச் செய்முறை. வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்துக. சங்கிலியில் ஓரிடத்தில் மீன்வடிவான சிறு வில்தகடு காணப்படும்; அதுவே ‘செயின் லாக்’. கட்டிங் பிளையரால் அதனைத் தள்ளி நீக்கினால் சங்கிலி கையோடு வந்துவிடும். கழற்றிய வில்தகட்டையும் அதன் துணைத்தகட்டையும் ஒரு கிண்ணத்திற் பத்திரப்படுத்துக. மண்ணில் விழுந்தால் அன்றைய பொழுது அதனைத் தேடுவதிலேயே கழியும், இஃது அனுபவம். பின்னர் மறுபடி பூட்டும்போது, வில்தகட்டின் மூடிய முனை சங்கிலி ஓடுந் திசையை நோக்கியிருக்க வேண்டும். திறந்த முனை முன்னோக்கினால், எதிர்ப்படும் பொருளொன்றில் இடித்துத் தகடு கழன்றுபோதல் கூடும்.

கழற்றிய சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறவிடல் வழக்கம். நியாய விலைக் கடைகளில் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்டமையால் இன்று கடைக்காரர் டீசலைக் கையாளுகின்றனர், அதுவும் பயன்படும். அகன்ற வாயுள்ள புட்டியில் சங்கிலியை இட்டு, அது மூழ்குமளவு ஊற்றி, மூடிக் குலுக்குக. பழைய பல்துலக்கும் பிரஷினால் ஒவ்வொரு கண்ணியின் இடுக்கையும் தேய்க்க. கரிய நீர் வெளிறும் வரை இருமுறை, மும்முறை செய்க. தீயும் பீடியும் அருகில் வேண்டா.

பலர் இவ்வளவோடு நிறுத்திவிடுகின்றனர். நம் ஊருக்கு இது போதாது. மண்ணெண்ணெயும் டீசலும் பழைய எண்ணெயைக் கரைக்குமேயன்றி உப்பைக் கரையா. உப்பு நீங்க நீரே வேண்டும். ஆகவே அடுத்தபடியாக வெந்நீரிற் சவர்க்காரங் கலந்து சங்கிலியைக் கழுவி, பின் நல்ல நீரில் அலசுதல் வேண்டும். நல்ல நீர் என்றதைக் கவனிக்க: திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிற் பல தெருக்களின் ஆழ்துளைக் கிணறுகள் உப்புக் கரிப்பன, அந்நீரில் அலசினால் நீக்கிய பகையைத் திரும்பவும் விருந்துக்கழைத்தவராவோம். குழாய் நீரே தக்கது. அலசியவுடன் துணியால் துடைத்து, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் தொங்கவிடுக. ஈரம் முற்றும் நீங்குமுன் எண்ணெய் விட்டால் நீர் உள்ளே சிறைப்பட்டுப்போம். உலர்ந்த பின்னரோ தாமதித்தலாகாது. எண்ணெயற்ற இரும்பு நம் கடற்கரையில் ஓர் இரவிலேயே சிவந்துவிடும்.

சங்கிலி உலரும் நேரத்திற் பல்சக்கரங்களின் இடுக்குகளிலுள்ள கரிய பசையைக் குச்சியால் சுரண்டித் துடைத்துவிடுக. அழுக்கேறிய சக்கரத்தில் தூய சங்கிலியைப் பூட்டுதல், குளித்தபின் அழுக்குத் துணியை உடுத்தலையொக்கும்.

கழுவிய அழுக்கெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அதனைத் தெருக்கால்வாயிற் கொட்டுதல் நம்மவர் வழக்கமாய்விட்டது. நம் பகுதிக் கால்வாய்கள் பல பக்கிங்காம் கால்வாயிற் சேர்கின்றன. அது எண்ணூர்க் கழிமுகத்திற் சேர்கிறது. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியினின்றும் எண்ணெய் அக்கழிமுகத்தில் வந்து பரவியபோது, படகுகளும் வலைகளும் கறுத்துப்போக, மீனவர் பல நாள் தொழிலின்றி நின்றதை நாம் கண்ணாற் கண்டோம். நம் புட்டியிலுள்ளது சிறிதளவே. ஆயினும் அதனை ஒரு வாரம் அசையாது வைத்தால் அழுக்கு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மறுமுறைக்குப் பயன்படுத்தலாம். அடிவண்டலைக் கழிவு ஆயில் சேர்த்து விற்கும் ஏதேனுமொரு பணிமனையின் பீப்பாயிற் சேர்த்துவிடலாம். செலவு குறையும், கழிமுகத்திற்கும் கேடில்லை.

எவ்வெண்ணெய் ஏற்றது? நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் சில வாரங்களிற் பிசினாகி இறுகும். அவற்றைத் தாளிப்பதற்கே விட்டுவிடுக. மண்ணெண்ணெய் கழுவ உதவுமேயன்றி மசகாகாது, விரைவில் ஆவியாகிவிடும். கழிவு ஆயிலின் குணத்தை என் தேர்வுத்தாள் அறியும். அதில் இரும்புத்தூளும் கரியும் ஏற்கனவே கலந்துள்ளன. கிரீஸ் மிகத் தடித்தது. மேலே நிற்குமேயன்றி உள்ளே இறங்காது. தையல் எந்திர எண்ணெய் எளிதில் இறங்கும், ஆனால் ஒரு மழைக்குக்கூட நில்லாது. கோடையில் புதிய இஞ்சின் ஆயிலும், மழைக்காலத்தில் அதனினும் தடித்த, கியர்ப்பெட்டிக்கு விடும் 90-ஆம் எண் ஆயிலும் போதுமானவை. கடையில் விற்கும் சங்கிலிக்கெனவே செய்த எண்ணெய்கள் நல்லவையே. விலைதான் மாணவர்க்கு ஏற்றதன்று.

எண்ணெய் விடுங்கால் பொறுமை வேண்டும். செயின் லாக்கை அடையாளமாக வைத்துக்கொண்டு, பெடலை இடக்கையால் மெல்லப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே, கீழ்ப்பக்கத்துச் சங்கிலியின் உட்புறத்தில் ஒவ்வோர் உருளையின் இரு ஓரத்திலும் ஒரு சிறு துளி விடுக. அடையாளம் திரும்பி வந்தவுடன் நிறுத்துக. பின்னர் இரண்டொரு நிமிடம் பெடலைச் சுழற்றினால் எண்ணெய் உள்ளே இறங்கும். முடிவாக, பலர் செய்யத் தயங்கும் செயல் ஒன்றுண்டு: விட்ட எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்துவிடுதல். சங்கிலியைத் துணியாற் பிடித்துக்கொண்டு பெடலைச் சுழற்றுக. வெளிப்புறம் ஏறத்தாழ உலர்ந்து தோன்றும்வரை துடைக்க. மறுநாட் காலையில் மீண்டும் ஒருமுறை. விரலால் தொட்டால் மென்மையான பிசுபிசுப்பு மட்டும் இருத்தல் வேண்டும். உள்ளே சென்றது துணிக்கு எட்டாது. வீணாயிற்றே என்று வருந்தவேண்டா.

வாரமொருமுறை உலர்ந்த துணியால் துடைத்தலும், இரண்டு வாரத்திற்கொருமுறை துளியெண்ணெய் விடுதலும், மழையில் நனைந்த நாளிரவே துடைத்து எண்ணெயிடுதலும் போதும். கழற்றிக் கழுவுதல் மூன்று மாதத்திற்கொருமுறை. கடலை நோக்கிய தெருவினர்க்கு இரண்டு மாதத்திற்கொருமுறை.

முழுச் செயின் கவரைப் பற்றியும் கூறவேண்டும். பழைய ஆங்கில வண்டிகளுள் ‘சன்பீம்’ என்பது சங்கிலியை முழுதும் பெட்டிக்குள் அடைத்து எண்ணெயிலேயே தோய்ந்து ஓடச் செய்தமையாற் புகழ்பெற்றது. நம் கடைகளில் கிடைக்கும் தகட்டுக் கவர் அத்துணைச் சிறப்பில்லையாயினும், மணலைப் பெரிதும் தடுக்கும். அதனைக் கழற்றி எறிந்தால் வண்டி அழகாயிருக்கிறதென்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். வேட்டியும் பாவாடையும் கடிபடாமற் காப்பதும் அக்கவரே என்பதை அவர் தம் தாயாரிடம் கேட்டறிக.

எத்துணைப் பேணினும் சங்கிலி ஒருநாள் தேயும். அதனை அளந்தறியலாம். சங்கிலியை நன்கு இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணிகளை எண்ணி, அவ்வாணியின் நடுவரை ஓரடிக்கோலால் அளக்க. புதியதாயின் சரியாக 12 அங்குலம். எட்டிலொரு அங்குலம் கூடியிருந்தால் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. தகடு நீண்டுவிட்டதாகப் பலர் நினைப்பர், தகடு நீளவில்லை. ஒவ்வோர் ஆணியும் குழலும் அங்குலத்தில் இருநூற்றிலொரு பங்களவே தேய்ந்து, இருபத்துநான்கும் சேர்ந்து அவ்வளவாயின. அந்நிலையிலும் ஓட்டிக்கொண்டிருந்தால் பல்சக்கரத்தின் பற்களும் கொக்கிபோல் வளைந்து தேயும். பின்பு புதுச் சங்கிலியும் அதிற் பொருந்தாது தாவும். ஒரு பொருளின் விலைக்கு மூன்று பொருள் வாங்க நேரும்.

மரத்தடி முதியவர் அன்று என் சங்கிலியை அளந்து காட்டியது அடிக்கோலாலன்று. ஆணியில் மாட்டியிருந்த புதுச் சங்கிலியொன்றை எடுத்து, என்னுடையதன் பக்கத்தில் தொங்கவிட்டு, இரண்டிலும் ஒரே எண்ணிக்கைக் கண்ணிகளை எண்ணினார். என்னுடையது ஒரு கண்ணிக்கு மேல் கீழே இறங்கி நின்றது. “இது உன் அப்பா காலத்துச் செயின், தம்பி. அவர் ஒழுங்காகத் துடைத்திருக்கிறார், இல்லாவிட்டால் இவ்வளவு நாள் வந்திராது” என்றார். புதுச் சங்கிலியும் பிரீவீலும் பூட்டுவதற்குள் இருட்டிவிட்டது. கூலியில் பாதியை அன்றே கொடுத்தேன். மீதியை மறு மாதம் கொடுத்தேன்.